பொருந்தாத வீல்

"இருக்கிறதுலயே இந்தக் காருக்குப் பொருந்தாத வீலு எதுண்ணே?"

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று பேயாண்டி திரும்பிப் பார்த்தார். மாட்டுத்தாவணிப் பக்கம் வீல் கடை போட்டு இத்தனை வருசத்தில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டது அன்னக்கொடி. கடை வாசலில் நின்றது அவள் புருஷன் விருமாண்டியின் பழைய பியட். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோதே வீட்டில் இருந்த சக்களத்தி.

பேயாண்டிக்கு மனசு கேட்கவில்லை. பாலிஷ் போட்ட இரும்பு வீல் ஒன்றை, நடுவில் பளபளவென்ற வட்ட மூடியோடு உருட்டி வந்து காரில் சாத்தி வைத்தார். லட்சணமாகத்தான் இருந்தது.

"இதாங்க்கா இதுக்கு அழகு. இப்பத்துப் பயலுக கேக்குற அலாய் வீல மாட்டுனா, வேட்டி கட்டுன மனுசனுக்கு பூட்சு போட்டுவிட்ட மாதிரி இருக்கும்."

விருமாண்டியிடம் இதே பேச்சை அவள் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. மகன் அருள்பாண்டி அலாய் வீல் என்று வாயைத் திறந்தால் போதும், வீடு இரண்டுபடும். நான் இருக்கிறவரைக்கும் அந்தக் கருமத்தை மாட்ட விடமாட்டேன் என்பார்.

அந்த மனுஷன்தான் இப்போது நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அதிர்ச்சியான சேதி எதுவும் காதுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். அவரோ, பெத்த அப்பன் சாகக் கிடக்கிறேன், பயல் ஒரு தடவை எட்டிப் பார்த்தானா என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சோறும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். கெஞ்சிப் பார்த்தாள், காலைப் பிடித்துப் பார்த்தாள். மசியவில்லை.

நேற்று அவள் வாய்க்கு வந்தது இதுதான்.

"உங்களுக்குப் பயந்துக்கிட்டு ஒளிஞ்சு திரியிறான். கார்ல அந்த வீல மாட்டிப்புட்டான்."

விருமாண்டி விசுக்கென்று திரும்பினார். திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமே, இரண்டு இட்லி தின்றார். மாத்திரையை விழுங்கினார். நாளைக்குக் காரைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றார்.

சொன்ன பொய்க்கு நாலு சக்கரம் வேண்டியிருந்தது. அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

கறுப்பில் சிவப்பு விளிம்பு போட்ட அலாயைக் கைகாட்டினாள். அருள்பாண்டி போனில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டித் திரிந்தது இந்த மாதிரிதான்.

பேயாண்டி வாய்க்குள் முனகிக்கொண்டே நாலையும் மாட்டி முடித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

போட்டோ எடுத்து, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் தன் தம்பியின் போனுக்கு அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது. விருமாண்டிதான். வசவுக்கு மேல் வசவு. குரலில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது. மூச்சு வாங்கி வாங்கி வைதார். அப்பாடா, இனி பிழைத்துக்கொள்வார் என்று அவளுக்கு உயிர் வந்தது.

வைது முடித்ததும் குரல் தணிந்தது.

"பக்கத்துலதான நிக்கிறான்? போன அவன்ட்டக் குடு. வைய மாட்டேன்."

இப்படிக் கேட்பார் என்று அவள் நினைக்கவே இல்லை.

அப்பனுக்கு ரத்தம் கொடுக்க பைக்கில் பறந்து வந்தவன் அருள்பாண்டி. ரிங் ரோட்டைத் தாண்டவில்லை. அப்பன் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள், தத்தனேரிச் சுடுகாட்டில் அவனை எரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ஏத்தா, குடுங்கிறேன்ல."

அன்னக்கொடி போனைக் காதிலிருந்து எடுத்தாள். யாரும் நிற்காத பக்கமாக நீட்டிப் பிடித்தாள்.

சன்னமாகக் கேட்டது.

"டேய் அருளு, வீலு நல்லாத்தாண்டா இருக்கு. வந்து பாத்துட்டுப் போடா."