மூன்றாவது சுற்று

கப்பல் புறப்பட அரைமணி நேரமே இருந்தது. தீவின் அருங்காட்சியகக் கூடத்தை அடைத்துக் கிடந்த திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்டதும், கோமதிநாயகத்தின் மனைவி வடிவு வாசலுக்கு ஓடிச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை வலம் வர ஆரம்பித்தாள். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, கூட வந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு அவள் பின்னால் நடந்தார்கள். கோமதிநாயகத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. துறைமுகத்தில் ஹாரன் அலறியது.

“ஏட்டி, கப்பல் போயிரும், வா!”

“ரெண்டு சுத்துதான முடிஞ்சிருக்கு. பாதியில விடலாமா?”

அவர் உதவிக்குக் காவலாளியைத் தேடினார். அந்த ஊர்க்காரன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் பயபக்தியோடு போய்க்கொண்டிருந்தான்.

கோமதிநாயகம் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.