அறுபதைத் தாண்டாத முள்

"மீட்டர் முள்ளு அறுபதத் தாண்டுச்சுன்னா வண்டிய அங்கயே நிறுத்தச் சொல்லிப்போடுவேன் சாமி. கற்பூரத்த அணச்சு உங்கப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன்."

மகன் தங்கசாமியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நாமக்கல் பட்டறையின் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தாள் வள்ளியாத்தாள்.

தங்கசாமிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடம் ஆசையாக வாங்கிய, இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். நாளைக் காலை வறண்ட ஏரியில் போட்டி. அறுபது மைலுக்குள் ஓட்டி யாரை ஜெயிப்பது? போதாததற்குப் பக்கத்து சீட்டில் அம்மா காவல். இந்த நிபந்தனைகளோடுதான் அப்பா சம்மதமே கொடுத்திருந்தார்.

மெக்கானிக் பச்சமுத்து காதருகே குனிந்தான்.

"ஏனுங்க, பெரிய சக்கரமா மாட்டிப்போடலாமுங்க. ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாதுங்க. முள்ளு அறுபதுல நிக்கும், வண்டி அறுபத்தேழுல பறக்கும்."

"அம்மா கேட்டா?"

"சின்ன சக்கரம்னா ஏரி மேடுபள்ளத்துல வண்டி அடி தட்டும்னு சொல்லிப்போடுங்க. அதுவும் நெசந்தானுங்க."

முதலில் மாட்டிய சக்கரம் பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் மட்கார்டில் கரகரவென்று உராய்ந்தது. அடுத்ததற்கு போல்ட் துளைகளே சேரவில்லை. மூன்றாவது செட் நாலும் கொஞ்சம் ஒல்லி. துளைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. மட்கார்டின் உள்விளிம்பை அரத்தால் ராவி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு விரல் இடைவெளி. உராயவில்லை!

மறுநாள் எட்டு கார்கள் புழுதி கிளப்பின. வள்ளியாத்தாள் முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீட்டரையே பார்த்தபடி வந்தாள்.

"அறுபதுதான்... அறுபதேதான்!"

கடைசிச் சுற்றில் சேலத்து மில் முதலாளியின் கார் மட்டும்தான் முன்னால். வளைவில் அது மேட்டில் அடி தட்டித் தடுமாற, தங்கசாமியின் கார் உரசாமல் ஒடித்துத் திரும்பி, அதை முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது. ஏரிக்கரை முழுக்க விசில்.

கோப்பையை அம்மாவின் கையில் கொடுத்தபோது தங்கசாமிக்கு மனசு உறுத்தியது.

"அம்மா, உங்கள ஏமாத்திப்போட்டேன். பெரிய சக்கரம் மாட்டுனா மீட்டர் கம்மியாத்தான் காட்டும். நாம அறுபதுக்கு மேலதான் வந்தோம்."

வள்ளியாத்தாள் கோப்பையில் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள்.

"நம்ம லாரிக்குப் பெரிய டயர் போட்டப்பவே அத நான் பார்த்துட்டேன் சாமி. உங்கப்பா முள்ளுக்குத்தானே சத்தியம் வாங்குனாரு? அதனாலதான் போன வாரமே பச்சமுத்துகிட்டப் போயி, இந்த யோசனையச் சொல்லி, பெரிய சக்கரமா தேடி வெக்கச் சொன்னேன்!"