சாம்பல் மட்டும்

பழைய வினையூக்கிகளை அரைத்துப் பிளாட்டினம் எடுக்கும் ஆலையின் முதலாளியே வீடு தேடி வந்ததும், அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரவைக்கூடத்தில் உழைத்து, இப்போது இருமி இருமி ஓய்ந்து கிடந்த அவள் கணவனை நலம் விசாரித்தார். அவனுடைய துவைக்காத சட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏதாவது ஆயிட்டா கவலைப்படாதேம்மா. தகனம் எங்க செலவு. சாம்பலையும் நாங்களே பார்த்துக்கறோம்."

உள்ளே ஓடிவந்து கணவனிடம் சொல்லிக் கண்கலங்கினாள். "தெய்வங்க அவரு!"

"அடிப் பைத்தியமே! கூட்டித் தேய்ஞ்ச துடைப்பத்தைக்கூட எரிச்சு, சாம்பல்லேருந்து பிளாட்டினம் எடுக்கிற ஆளுடி அவரு."

"அதுக்கென்ன இப்போ?"

"அந்தத் தூசி துடைப்பத்துல மட்டுமா ஒட்டுச்சு?" என்றபடி தன் நெஞ்சைத் தொட்டான்.

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கார் இன்னும் கிளம்பவில்லை.