முழங்கால் உறை

இறுக்கிப் போட்ட உறைக்குள் தவசியின் முழங்கால் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. பதினோரு வருடத்தில் இது அவனுக்கு ஏழாவது கபடி அணி. இன்று ஓர் ஆளையாவது பிடித்தால்தான் அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்வார்கள். கடைசி நிமிடத்தில் பாடிக்கொண்டு வந்தவன் மரியான். மூன்றாவது அணியில் அறைத்தோழனாக இருந்தவன், இப்போது எதிரணி. கோட்டோரம் குனிந்து நின்ற தவசி மெல்லச் சொன்னான்: "ஏலே, ஒன் ஒறையத்தாம்ல போட்டிருக்கேன். இன்னும் தொவைக்கல."

மரியானுக்குச் சிரிப்பு முட்டியது. கால் ஒரு நொடி தயங்கியது. அந்தக் கணுக்காலைத் தவசி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

விசில் ஊதியதும், மண்ணில் கிடந்தபடியே மரியான் கேட்டான்: "வெளங்குவியால நீ? அத எப்பத்தாம்ல தருவ?"

"அடுத்த சீசன்ல," என்றான் தவசி, வாயெல்லாம் பல்லாக.

எட்டு வருடமாக மரியானுக்கு அந்த உறை பாக்கி.