சிம் போடாத போன்

"ரூம் எப்படி இருந்தாலும் பரவால்லம்மா. நெட்டு மட்டும் நிக்காம வரணும்" என்றார் ரஃபியுதீன்.

தேய்த்த நீலச் சட்டை, பையில் கம்பெனி பேட்ஜ், அப்போதுதான் மழித்த முகம். சிதம்பரம் கீழ வீதியில் அந்த லாட்ஜின் வரவேற்பில் இருந்த அமராவதி பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டாள்.

"ஆன்லைன் இன்டர்வியூவா சார்?"

"ஆமா" என்று சொல்லி வைத்தார். எதைச் சொன்னால் என்ன.

"இந்த ஹால்ல வைஃபை ஃப்ரீ சார். ஆனா டூரிஸ்ட் பஸ் வந்துட்டா எல்லாரும் இதுலயே தொங்குவாங்க, சும்மா சுத்திக்கிட்டே நிக்கும். ரூமுக்குள்ள வேணும்னா கூப்பன் வாங்கிக்கணும், அதுல இருக்குற நம்பர அடிச்சா ஒரு நாள் முழுக்க ஓடும். இல்லன்னா உங்க போன் டேட்டாவே போதுமே?"

"சிம் போடல."

அமராவதி ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்தக் காலத்தில் சிம் இல்லாமல் ஒரு மனுஷனா!

"கூப்பனே குடும்மா. ரோட்டுச் சத்தம் கேக்காத ரூமா குடு."

பின்பக்க ரூம் கிடைத்தது. ஜன்னலை அடைத்தார், ஏசியைப் பதினாறில் வைத்தார், வெள்ளைச் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டார். கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினார். இங்கே மணி இரண்டு என்றால் துபாயில் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம்.

இன்டர்வியூவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் யார் கூப்பிடப் போகிறார்கள்? துபாயில் வேலை போய், விசா ரத்தாகி, சென்னையில் வந்து இறங்கி ஐந்து நாள் ஆகிறது. வீடு இருக்கிற கடலூர் வழியாகத்தான் பஸ் வந்தது, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம். பரங்கிப்பேட்டை மாப்பிள்ளை, முஹம்மது ஆசிக். அவனுக்கும் துபாயில்தான் வேலை, கல்யாணம் முடிந்ததும் பெண்ணை அங்கே கூட்டிப் போவதாகப் பேச்சு. 'பொண்ணப் பெத்த அத்தாவும் அங்கயே இருக்காங்க, புள்ளைக்குத் துணையாப் போச்சு' என்றுதான் மாப்பிள்ளையின் தாயார் சம்மதித்தார்.

அத்தா பெட்டியோடு திரும்பிவிட்டார் என்று தெரிந்தால் அந்தச் சம்மதம் என்னாகும்? ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போய், அந்தப் பெண் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறாள். நிச்சயம் முடிகிறவரை அவர் துபாயில்தான் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வில்லங்கம். துபாயில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வீடியோவில் பேச விட மாட்டார்கள். எட்டு வருஷமாக அவர் பேசிய வேறொரு ஆப், கம்பெனி கனெக்‌ஷனோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது துபாய் நம்பரில் ஓடுகிற வாட்ஸ்அப் ஒன்றுதான். புது சிம் போட்டால் அந்த நம்பரும் மாறிவிடுமோ என்று பயந்துதான் போடவில்லை.

இத்தனை நாள் மெசேஜிலேயே ஓட்டினார். 'இன்னைக்கு மொகத்தக் காட்டலன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்' என்று மனைவி சாய்ரா காலையில் எழுதிவிட்டாள். வேறு வழியில்லை, வாட்ஸ்அப்பிலேயே வீடியோவை அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அஸ்ஸலாமு அலைக்கும். உசுரே போயிருச்சுங்க எனக்கு! ஏன் இப்படி எளச்சிப் போயிட்டீங்க?"

"வ அலைக்கும் ஸலாம். வேல ஜாஸ்தி."

"நான் பயந்துபோயி மாப்பிள்ளகிட்ட சொன்னேங்க, மாமாவ ஒரு எட்டு போயி பாத்துட்டு வாங்கன்னு. அவருக்கு லீவே கெடைக்கலையாம், பாவம்."

தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். அவன் மட்டும் போய்ப் பார்த்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

"உங்க மவளப் பாருங்க" என்று சாய்ரா போனைத் திருப்பினாள். புதுப் புடவையைத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் மகள். "அத்தா, கலர் நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா." இந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தது.

சாய்ரா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். திடீரென்று புருவத்தைச் சுருக்கினாள். "ஏங்க, இது வாட்ஸ்அப்பாச்சே? அங்கேருந்து இதுல வீடியோ வராதும்பீங்களே?"

எதிர்பார்த்த கேள்விதான். பதிலும் தயாராக இருந்தது. "அதெல்லாம் இப்ப தொறந்து உட்டுட்டானுங்க. இங்க எல்லாரும் இதுலதான் பேசுறோம்."

நம்பிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினாள்.

"அட, அதான் மாப்பிள்ளயும் பத்து நாளா இதுலயே வீடியோவுல வர்றாரா!"