விரிசலுக்கு ஓர் இடம்

சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் நிலத்தடி அறையின் கான்கிரீட் சுவரில், மேலிருந்து கீழ்வரை விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் நேர்கோடாக ஓடியது. "புதுச் சுவரை இப்பவே கீறி வெச்சிருக்கீங்களே!" என்று வீட்டுக்காரர் ஞானசெல்வம் கத்தினார். இன்ஜினியர் ரெஜினா அசரவில்லை. "காயக் காய கான்கிரீட் சுருங்கும் சார். சுருங்கினா எங்கயாவது விரியத்தான் செய்யும். பள்ளம் இருந்தா அதுக்குள்ளயே விரிஞ்சுக்கும். அப்புறம் சீலன்ட் வெச்சு அடைச்சிட்டா தண்ணி இறங்காது." அவள் சொன்னபடியே மூன்றாம் மாதம் பள்ளத்துக்குள் மயிரிழைபோல ஒரு விரிசல் வந்தது. வேறெங்கும் வரவில்லை.

ஞானசெல்வத்தின் மனைவி பொற்கொடிக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. குடிவந்த வாரமே, இனிமேல் சண்டை என்றால் கீழே போய்த்தான் என்று சொல்லிவிட்டாள். அவரும் ஒத்துக்கொண்டார். அவருடைய தங்கை, பொற்கொடியின் வேலை, பிறக்காத குழந்தை, எல்லாவற்றுக்கும் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்றுதான் கத்தினார்கள். மேலே வந்து காபி குடித்தார்கள். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காலையிலிருந்து வாய் திறக்காத ஞானசெல்வம் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கீழ போவமா?"

"எதுக்கு? ஒண்ணுமில்லையே." சிரித்தார். கொஞ்சம் ரசம் கேட்டார்.

பொற்கொடி ரசத்தை ஊற்றினாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய், எங்காவது விரிசல் தட்டுப்படுகிறதா என்று சுவரை மூலையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.