முதல் அச்சு

ஜெயச்சந்திரன் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டினார். அவ்வளவு பெரிய காதை முள்ளிப்பட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

நெசவாளி தசரதன் தறியை நிறுத்திவிட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போனைத் துடைத்துக் கொடுத்தார்.

"அக்கா அனுப்புன வாய்ஸ் மொத்தம் பதினொண்ணு கீது சார். எந்தச் சேலைக்கு என்னா கலர்னு சொல்லிகினு இருப்பாங்க. கை வேலையில இருக்கசொல்ல போட்டுக் கேக்கறது, அதான் அழிக்கல."

ஜெயச்சந்திரன் அழித்துவிட்டிருந்தார்.

மனைவி திலகவதி வீட்டிலிருந்தே பட்டுச்சேலை வாங்கி விற்றவள். அவருக்கு அவள் குரலில் அனுப்பியதையெல்லாம் கேட்ட கையோடு நீக்கிவிடுவார். பிழிந்து சக்கையாக்கிய சத்தம் அது, காதுக்குக் கேடு என்பது அவர் கட்சி. தவிர, இசைத்தட்டு லேபிள்களைப் படமெடுத்து வைக்க போனில் இடம் வேண்டியிருந்தது.

ஆரணியில் ஜாஸ் கேட்கிற ஒரே ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் அவர். நாற்பது வருடச் சேகரிப்பு. எல்லாம் முதல் அச்சு, பாட்டு வெளியானபோதே அழுத்திய தட்டுகள். மறு அச்சு என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, லேபிளை ஒட்டிய வழவழப்பில் கீறியிருக்கும் எண்ணைப் படித்தே எந்த ஆலையில் அழுத்தியது என்று சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வக்கீல்களும் ஒரு பல் டாக்டரும் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். திலகவதியின் காபி வரும்போது மூவரும் சரியாகக் கண்ணைத் திறப்பார்கள்.

அவள் போய்ச் சேர்ந்து நான்கு மாதம். அவள் போனையும் சுத்தமாக அழித்து, கொழுந்தியாள் மகளுக்குக் கொடுத்தாயிற்று.

போன வாரம் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் பதிவான ஒரு பாட்டில், பாடகி மூன்றாவது வரிக்கு முன்னால் எங்கே மூச்சு வாங்கினாள் என்பது வந்தது.

அவள் குரல் யாரிடமாவது இருக்கிறதா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்து, கடைசியில் இங்கே வந்து நின்றார்.

ஹெட்போனைப் போனில் செருகியதும் தசரதன் முதல் செய்தியைத் தொட்டார்.

டிரம்பெட் எழுந்தது.

ஜெயச்சந்திரனுக்குச் சட்டென்று பெருமையாகக்கூட இருந்தது. தன் வீட்டுக் கூடத்தில் ஓடிய தட்டு. மோனோ. இந்த ஓட்டைப் போனில்கூட ஒரு கீறல் சத்தம் இல்லை, அச்சு என்றால் அது அச்சு.

டிரம்பெட்டுக்கு அடியில் யாரோ ரகசியம் பேசுவது கேட்டது.

"தசரதண்ணே... பார்டரு அரக்கு. பச்சை வேணாம். போன் பண்ணாதீங்க, இவரு பாட்டு கேட்டுகினு இருக்காரு."

சத்தத்தைக் கூட்டினார். டிரம்பெட் பெரிதானது. ரகசியம் ரகசியமாகவே இருந்தது.

இரண்டாவது. பாடகியின் குரல் மணி மாதிரி. அடியில் அதே ரகசியம், மாம்பழ மஞ்சள் என்றது. மூன்றாவதில் சாக்ஸபோன். நான்கு, ஐந்து, ஆறு. எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றிலும் அவருக்குத் தெரிந்தது.

ஏழாவதில் இசையே இல்லை. தட்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளி. அவருடைய இருமல்கூடக் கேட்டது.

அப்போதும் அவள் கிசுகிசுத்துத்தான் பேசினாள்.

பதினொன்றும் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றினார். காது இரண்டும் வியர்த்திருந்தன.

"நல்லா வாய்விட்டுப் பேசினது ஒண்ணுகூட இல்லையா?"

தசரதன் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி புஷ்பலதாதான் நிமிர்ந்தாள்.

"அக்காவா? இங்க வந்தாங்கன்னா தறி சத்தத்துக்கு மேல பேசுவாங்க சார். சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். எதிர்ல குந்திகினு பேசறவங்கள யாரு சார் ரெகார்டு பண்ணி வெப்பாங்க?"